கப்பலுக்குப் போன கறி

படாங்காஸ் கடற்கரையில் லெமெரி ஊர்க்காரிகள் வைக்கிற அடோபோ என்கிற கறி மஞ்சளாகத்தான் இருக்கும். பன்றிக்கறியைத் தென்னங்கள் புளித்த காடியிலும் பூண்டிலும் வேகவிட்டு, சோயா சாறு ஊற்றாமல், மஞ்சளை இடித்துப் போட்டு எண்ணெய் பிரிய வதக்குவார்கள். அதில் கோழி ஈரலையும் நசுக்கிச் சேர்ப்பது பெலிசா மட்டும். நாள்பட்டாலும் கெடாது என்பதால், மிந்தோரோ தீவுக்குப் போகும் கப்பலில் என்ஜின் வேலை பார்த்த கணவன் டெல்ஃபின் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்புவாள். கூட வேலை செய்கிறவர்கள் அடித்துப் பிடித்துத் தின்றுவிடுகிறார்கள் என்பான் அவன். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அடுத்த தடவை டப்பா இன்னும் பெரிதாகும்.

போன மழைக்காலத்தில் அவன் கப்பலிலேயே நெஞ்சடைத்துச் செத்தான். சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார்கள். சமையலை வேறு யாரிடமும் விட அவளுக்கு மனமில்லை. அழுகையை அடக்க அடுப்படிதான் தோதாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தனியாக வந்தாள். பெயர் அனலின் என்றாள். பெட்டிப் பக்கம் போகாமல் ஓரமாக உட்கார்ந்தவளுக்குப் பெலிசாவே சோறும் அடோபோவும் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் வாயிலேயே அந்தப் பெண் தேம்பத் தொடங்கிவிட்டாள். உடம்புக்கு என்ன என்று கேட்டாள் பெலிசா.

"ஒண்ணுமில்லீங்க. எங்கப்பா செய்யறது இப்படியேதான் இருக்கும்."

"யாரும்மா உங்கப்பா?"

அவள் சவப்பெட்டியைப் பார்த்தாள்.

கப்பல்காரனுக்குக் கரைக்கொரு வீடு என்று ஊரே கேலி பேசும். பெலிசாவுக்கும் எப்போதோ அந்தச் சந்தேகம் வந்து போனதுண்டு. அது சுடவில்லை. சுட்டது வேறு. அனலின் சொன்னாள்: கப்பல் சமையலறையில் அப்பா தன் கையாலேயே செய்து எடுத்து வருவாராம். பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாம், அப்பா செய்கிற அடோபோதான் வேண்டும் என்று இவள் அடம்பிடிப்பாளாம்.

"அந்த மனுஷனுக்கு அரிசி களையக்கூடத் தெரியாது," என்றாள் பெலிசா. "நீ தின்னது அத்தனையும் நான் ஆக்குனது."

பெண்ணின் முகம் சுருங்கியதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்ட திருப்தி. வெட்கப்பட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

அதற்குள் டெல்ஃபினின் தங்கை சலூத் வேகமாக வந்து பெண்ணின் தோளைப் பிடித்தாள். "விடுங்க ஞானம்மா, நான் போறேன்," என்றாள் அனலின். ஞானஸ்நானத்தில் தன்னைக் கையில் ஏந்தியவளைத்தான் ஒருத்தி அப்படிக் கூப்பிடுவாள். பெலிசா நாத்தனாரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி. தினமும் இந்த அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவள்.

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டான், அண்ணி. நான் என்ன பண்ணட்டும்?"

"டப்பாவுக்கு மூடி தேடிக் குடுக்கறதே நீதானே," என்றாள் பெலிசா.

அடக்கம் முடிந்தபின் மகள் ரோவெனாவிடம் சொல்லி அழலாம் என்று உட்கார்ந்தாள். மகள் கடைசிவரை கேட்டாள்.

"எனக்கும் தம்பிக்கும் எலும்பும் சாறும்தான் ஊத்துவே. கறி எங்கேன்னு கேட்டா, கப்பலுக்குன்னு சொல்லுவே. அவளுக்காவது வயிறார கெடச்சுதே, விடும்மா."

அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பெலிசா திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள்.

நாற்பதாம் நாள் விருந்துக்குத் தெருவே வரும். காலையில் சலூத் கூப்பிடாமலேயே கத்தியோடு வந்து உட்கார்ந்து நூடுல்ஸுக்குக் காய் நறுக்கினாள். எழுந்து போ என்று சொல்லப் பெலிசாவுக்கு வாய்வரை வந்தது. ஆனால் பெரிய கடாயை இறக்க இன்னொரு ஆள் வேண்டும், ரோவெனா வரமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இறக்கி வைத்தார்கள். சலூத்தின் கையில் சூடு பட்டது. பெலிசா பார்த்தாள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த கடாயை ஏற்றினாள்.