சவக்காலை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு தோட்டத்துத் துரை, சீமைக்குக் கப்பலேறும் அவசரத்தில் தன் மோட்டார் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்படியொரு சனியன் பிடித்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. கண்டிக்குள் எங்கே ஒழுங்காக ஓடினாலும், மஹய்யாவ சவக்காலை வாசலுக்கு வந்ததும் இருமிவிட்டு நின்றுவிடும்.

அங்கே குழி வெட்டும் அந்தோணி அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவார். ஒரு நாள் வண்டி உறுமியதும், பழக்கத்தில், "போயிட்டு வர்றேன் அண்ணே" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "இந்த வாசல்ல அப்படிச் சொல்லக் கூடாதுங்க. பேசாம போங்க."

நான் சிரித்துக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் என் மனைவியின் தம்பி சூசை, பல்லேகலயில் ஒரு வேலை என்று வண்டியை இரவல் கேட்டான்.

"பிரேக் சரியா பிடிக்காது, பார்த்துப் போ."

"போயிட்டு வர்றேன் மச்சான்" என்று வீட்டு வாசலில் கையசைத்தான்.

அன்று வண்டி சவக்காலை வாசலில் நிற்காமல் ஓடியதாம். மகாவலி ஆற்றோர வளைவிலும் அது நிற்கவில்லை.

மறுநாள் அவன் பெட்டிக்குப் பின்னால் நடந்து அந்த வாசலுக்குப் போனேன். அடக்கம் முடிந்து கிளம்பும்போது அந்தோணி அண்ணனிடம் சொல்லிக்கொள்ள வாயெடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

சொல்லக் கூடாத வாசலில் சொன்ன நான், சொன்னபடியே திரும்பி வந்தேன். வீட்டு வாசலில் சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை.