முன்னால் வைத்த எலுமிச்சம்பழம்

தாம்பரம் ஷோரூமில் என் புதுக் காரின் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கார் நசுக்கிப்போன பழத்தின் வாசனை பெட்ரோலோடு கலந்து வந்தது. உடனே நான் படப்பையில், அத்தை வீட்டு வாசலில் நின்றேன். எண்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது.

மாமா இறந்த வருஷமே டிராக்டர் எஞ்சினும் பழுதாகி நின்றது. நிலத்தை மனை போட்டு விற்கச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அத்தையோ மாமாவின் பழைய அம்பாசடர் காரைக் காட்டி, "இந்த எஞ்சின எடுத்து டிராக்டர்ல வச்சிரு" என்று மெக்கானிக் தாஸிடம் சொன்னாள்.

கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் பிரித்துப் பூட்ட தாஸுக்குப் பத்து நாள் பிடித்தது. அதற்குள் முதல் மழை பெய்துவிட்டது. சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்க, முன்சக்கரங்களுக்கு முன்னால் பழம் வைத்துவிட்டு அத்தை ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டாள். டிராக்டர் பின்பக்கமாகப் போய் வைக்கோல்போரில் முட்டி நின்றது. பழம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"அச்சுல பல்சக்கரத்த பக்கம் மாத்திப் பூட்டிட்டேன்க்கா, அதான் பின்னால போவுது." தாஸ் தலையைச் சொறிந்தார்.

மாமா போனபிறகு அத்தை சிரித்து அன்றுதான் பார்த்தேன். "எந்தப் பக்கம் போனா இன்னா தாசு, வண்டி நகருதில்ல? கழட்டி மாட்டு. நாளைக்கு உழணும்."

மறுநாள் அத்தை வயலில் கார் சத்தம் கேட்டது.

"மேடம், எடுக்கலாமா?" என்றார் ஷோரூம்காரர்.

"இன்னும் ரெண்டு பழம் குடுங்க" என்று வாங்கி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தேன்.