சரவணனுக்கு மட்டும் வரும் விக்கல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இது சரவணன் ஜெயித்த கதை. ஏற்கெனவே வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் போதாதா, நான் வேறு உட்கார்ந்து அவனைக் கதாநாயகனாக்க வேண்டுமா என்று ஒரு மனசு சொன்னது. பத்தாவதையே தவணை முறையில் முடித்த உனக்கு எழுத்து ஒரு கேடா என்று இன்னொரு மனசு. இரண்டையும் மீறி எழுத வைத்தது, நேற்று கோச்சடையில் மதியம் ஒருவருக்கு வந்த விக்கல்.

ஏசி போட்ட ஓட்டல். பக்கத்து மேசையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் மட்டன் சுக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காரம் மண்டைக்கு ஏறியிருக்க வேண்டும், ‘விக்’ என்றார். எதிரே இருந்த நண்பர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினார். இவர் குடித்தார். நின்றது. அவ்வளவுதான். ஒரு பேரும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்காமல், “யாரோ நெனைக்கிறாங்க சார்” என்றேன். இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவனைப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

விக்கல் என்பது சும்மா தண்ணீர் குடித்து அமுக்குகிற சமாச்சாரமா, நீங்களே சொல்லுங்கள். யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று கண்டுபிடிக்க, கூட இருப்பவர்கள் ஒவ்வொரு பேராகச் சொல்ல வேண்டும். எந்தப் பேருக்கு விக்கல் நிற்கிறதோ அவர்தான் நினைத்தவர். இதில் அப்பீலே கிடையாது.

பழங்காநத்தத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் நானும் சரவணனும் வேலை பார்த்தோம். அவன் மெஷின், நான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காதணி விழாவோ கல்யாணமோ, சொந்தக்காரர்களின் தலைகளை அவரவர் போட்டோவிலிருந்து வெட்டி வரிசையாக ஒட்டுவதுதான் என் வேலை. தாய்மாமன் தலை பெரிதாக இருக்க வேண்டும், சித்தப்பா தலை ஒரு சுற்றுச் சின்னதாக. மாறிப்போனால் மண்டபத்தில் நிஜத் தலைகள் உருளும். புதிதாக அடித்த பிளக்ஸைச் சுருட்டும்போது ஒரு மை வாசம் வரும், கிறுகிறுவென்று. இன்றைக்கும் புது பேனர் கட்டுகிற பக்கம் போனால் எனக்கு அந்த மை வாசம் தெரிவதில்லை. மிளகாய் நெடிதான் மூக்கில் ஏறுகிறது.

அதற்குக் காரணம், எங்கள் கடையை ஒட்டியிருந்த பேச்சியக்காவின் சாப்பாட்டுக் கொட்டகை. தகரக் கூரை, நான்கு பெஞ்சு, ஒரு காற்றாடி. அக்காவுக்கு ஊர் எழுமலை. அவர் வரமிளகாயை எண்ணெயில் போட்டு வதக்கினால் தெருவே இருமும். எங்கள் முதலாளி இருமிக்கொண்டே போனில் பேசுவார். ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டவர் பயந்துபோய், “மொதல்ல ஒடம்பப் பாருங்கண்ணே” என்று வைத்துவிடுவார். அக்கா வைக்கும் கோழிக் குழம்பைச் சாப்பிட்டு எழுந்தால் காது இரண்டும் அடைத்து, உலகமே கொஞ்ச நேரம் ஊமைப் படமாக ஓடும்.

பரிமாறுவது அக்காவின் தங்கச்சி தேன்மொழி. அழகு என்றால் என்னவென்று எனக்கு வர்ணிக்கத் தெரியாது, தெரிந்தாலும் இப்போது வர்ணிக்கக் கூடாது. இதை மட்டும் சொல்கிறேன். கொட்டகைக்கு வருகிற எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். ஆட்டோ ஓட்டும் ஜாகிர் அண்ணனில் ஆரம்பித்து முளைத்து மூன்று இலை விடாத பையன்கள் வரைக்கும், “அண்ணே, சோறு வைக்கவா? அண்ணே, ரசம்?” நானும் அண்ணே. சரவணனிடம் மட்டும், “சோறு வைக்கவா?” அவ்வளவுதான். முன்னாலும் ஒன்றும் இருக்காது, பின்னாலும் ஒன்றும் இருக்காது. அந்த ஒட்டாத அண்ணேயை முதலில் கவனித்தவன் நான்தான். கவனித்த நாளிலிருந்து எனக்குச் சோறு செமிக்கவில்லை.

இதில் விக்கல் வேறு. சரவணன் இரண்டாவது உருண்டையை வாயில் வைத்ததும் ‘விக்’ என்பான். தினமும். உடனே ஜாகிர் அண்ணன் ஏலம் விடுகிற மாதிரி ஆரம்பித்துவிடுவார்.

“யார்ரா மாப்ள நெனைக்கிறது? ஒங்காத்தாவா?”

“விக்.”

“ஒங்க மொதலாளியா?”

“அவரு எதுக்குண்ணே... விக்... நெனைக்கப்போறாரு?”

“வேல பாக்காம இங்கன உக்காந்து திங்கிறியே, அதுக்குத்தேன். சரி, கோச்சடை சித்தியா?”

முன்பின் தெரியாதவர்கள்கூட எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பேரை எறிவார்கள். அதற்குள் தேன்மொழி டம்ளரோடு வந்து நின்றிருப்பாள். தண்ணீர் எல்லாருக்கும் ஜக்கில் பெஞ்சு மேலேயே இருக்கும். இவனுக்கு மட்டும் உள்ளே பானையிலிருந்து மொண்டு வந்த ஜில் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீருக்காக மனுஷன் வயிறு எரியுமா என்று கேட்காதீர்கள். எரிந்தது.

எனக்கு விக்கலே வராது. பிறவியிலேயே தொண்டைக்குத் தார் ரோடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். “ஒன்னைய நெனைக்க நாட்டுல ஒரு நாதி இல்லடா” என்பார் ஜாகிர் அண்ணன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். “நெனைக்கிறவுக எல்லாம் நேர்ல வந்துர்றாகண்ணே, அதேன்” என்று ஒரு பிட்டைப் போடுவேன். உள்ளுக்குள்ளே, இந்தப் பயலை நினைக்க இம்புட்டுப் பேர், என்னை நினைக்க ஒரு ஆள் இல்லையா என்று கருகும்.

ஒருநாள் சரவணனுக்கு விக்கல் நிற்கவே இல்லை. ஆத்தா, அய்யா, சித்தி, செத்துப்போன தாத்தா, தெருநாய் வரைக்கும் சொல்லியாயிற்று. தண்ணீரும் குடித்துவிட்டான். ஜாகிர் அண்ணனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விளையாட்டாக, “சரி, தேன்மொழியா?” என்றார்.

நின்றுவிட்டது.

பொடக்கென்று நின்றது. காற்றாடி மட்டும் கிரீச் கிரீச்சென்று சுற்றியது. தேன்மொழி ரசவாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேச்சியக்கா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி, “சோறு திங்க வந்தா சோத்தத் திங்கணும்” என்றார், குறிப்பாக யாருக்கும் இல்லாமல். சரவணன் இலையைப் பார்த்தபடி, “காரம்ணே” என்றான். யார் கேட்டது?

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வெறி. எனக்கும் ஒருநாள் விக்கல் வர வேண்டும், அது அவள் பேருக்கு நிற்க வேண்டும். பச்சை மிளகாயைக் கடித்தேன். மோர் மிளகாயைச் சோற்றுக்குச் சமமாகத் தின்றேன். குழம்பில் மிளகாய்த்தூளைத் தூவிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் தண்ணீர் வந்தது, வரக்கூடாத இடத்திலெல்லாம் எரிச்சல் வந்தது. விக்கல் வரவில்லை. கடைசியில் பொய்யாகவே ‘விக்’ என்று விக்கிப் பார்த்தேன். தேன்மொழி கரண்டியோடு நின்று உற்றுப் பார்த்தாள்.

“அண்ணே, விக்கல்னா நெஞ்சு குலுங்கணும். ஒங்களுக்கு வாயி மட்டுந்தேன் குலுங்குது.”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அதில் அதிகமாகச் சிரித்தது சரவணன்.

தின்ற மிளகாய்க்கெல்லாம் சேர்த்து வயிற்றில் புண் வந்தது. தெருமுனை கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா. மருந்து எழுதிக்கொண்டிருந்தவரிடம், வந்ததுதான் வந்தோம் என்று, “மேடம், காரம் சாப்பிட்டா சில பேருக்கு மட்டும் ஏன் விக்கல் வருது?” என்று கேட்டேன். பேனாவை மூடிவிட்டு, என் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார். மிளகாயின் காரம் உணவுக்குழாயை எரிக்குமாம். அங்கே போகிற நரம்பு அந்த எரிச்சலில் கோபித்துக்கொண்டு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற ஒரு தசையை வெட்டி இழுக்குமாம். மூச்சு சடாரென்று உள்ளே பாயும், தொண்டைக் கதவு டப்பென்று மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் ‘விக்’. அவசரமாக அள்ளிப் போட்டுக் காற்றையும் சேர்த்து விழுங்கினால் இன்னும் சீக்கிரம் வருமாம்.

“எனக்கு வரவே மாட்டேங்குதே?”

“ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒரு மாதிரி. சிலருக்கு அந்த எடம் சட்டுனு உணரும்.”

“அப்ப எனக்குச் சொரணை இல்லேங்கிறீங்க.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “மூச்சைக் கொஞ்ச நேரம் அடக்கினாப் போதும், நின்னுடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு வயிற்றுவலியே போய்விட்டது. நரம்பு! வெறும் நரம்பு! யாரும் யாரையும் நினைக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டேன். சரவணன் ‘விக்’ என்றான். ஜாகிர் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினேன். நரம்பு, தசை, தொண்டைக் கதவு, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மட்டும் அவிழ்த்துவிட்டேன்.

“அப்ப நெனைக்கிறது எல்லாம் பொய்யாடா?” என்றார் ஜாகிர் அண்ணன், வீட்டில் ஒருவர் இறந்துபோனதுபோல.

“பூராம் பொய்யிண்ணே. எல்லாம் பேச்சியக்கா மொளகா பண்ற வேல. இவன எவளும் நெனைக்கல.”

ஜெயித்துவிட்டேன் என்று இலையைப் பார்த்துக் குனிந்தேன். தேன்மொழி போகவில்லை. குழம்பு வாளியோடு என் எதிரிலேயே நின்றாள்.

“அன்னைக்கு எம்பேரச் சொன்னதும் நின்னுச்சே, அது எப்பிடிண்ணே?”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். படித்த திமிர் விடவில்லை. “அது ஒண்ணுமில்ல. மூச்ச அடக்குனா நின்னுரும். ஒம்பேரக் கேட்டதும் இவன் மூச்ச அடக்கிட்டான், அம்புட்டுத்தேன்.”

“ஏன் அடக்குனாரு?”

நான் சரவணனைப் பார்த்தேன். எல்லாரும் சரவணனைப் பார்த்தார்கள். அவன் விக்கல் நின்று, காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். இந்த முறை காரம் என்றுகூடச் சொல்லவில்லை. தேன்மொழி அவனுக்கு ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு, டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது அவள் முகம் இருந்ததே, அதை நான் எந்த பிளக்ஸிலும் பார்த்ததில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஊமைப்பயல் ஆயுசுக்கும் விக்கிக்கொண்டேதான் இருந்திருப்பான். நான்தான் வைத்தியம் சொல்லி, அவன் வாயைத் திறக்காமலே அவன் மனசை ஊரறிய வைத்தேன்.

இரண்டு பேருக்கும் எழுமலையில் கல்யாணம். பிளக்ஸ் என் கைவேலைதான், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? மாப்பிள்ளை கொடுத்த போட்டோவில் அவனுக்குக் கண் கொஞ்சம் மாறுகண்ணாக விழுந்திருந்தது. சரி பண்ண அரை நிமிஷம் ஆகாது. பண்ணவில்லை. நண்பர்கள் வரிசையில் என் தலையை மட்டும் தாய்மாமன் தலை அளவுக்குப் பெரிதாக வைத்தேன். பந்தியில் பேச்சியக்கா என் இலையில் தானே வந்து கறி வைத்தார். எனக்கு அது காரமே இல்லாததுபோல் இருந்தது.

இப்போது இரண்டு பேரும் திருப்பூரில் இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார்கள், அதுதான் எரிச்சல். பேச்சியக்கா ஊருக்கே போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள், உள்ளே பன்னீர் வாசம் மாதிரி என்னமோ அடிக்கிறது. ஜாகிர் அண்ணன் போனில் சவாரி வரும்வரை ஆட்டோவிலேயே உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார். இடையில் விக்கினால் தானே தண்ணீர் குடித்துக்கொள்கிறார். நான் இன்னும் தலை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். காரத்துக்கு ஊரில் குறைவில்லை, இன்னும் ஜாஸ்திதான் ஆகியிருக்கிறது. ஒருத்தன் விக்கினால், அவனுக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து, நான்கு பெஞ்சும் பேர் பேராகக் கூப்பிடுமே, அதைத்தான் காணோம்.

எழுதியதுதான் எழுதினோம் என்று சரவணனுக்கு அனுப்பினேன். இவ்வளவு நாளும் நான் யாரிடமும் சொல்லாத சங்கதி, படித்துத் தொலையட்டும் என்றுதான். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது:

“மாப்ள, அன்னைக்கு ஜாகிர் அண்ணே அவ பேரச் சொன்னப்ப நீயுந்தேன் மூச்சு விடாம உக்காந்திருந்த, நான் பாத்தேன்.”