அப்பாவைப் பின்தொடர்ந்த நாள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் நானும் அப்பாவும் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள் பார்ப்போம். எல்லாம் அமெரிக்கப் படங்கள். தொப்பி போட்ட துப்பறிவாளன், மழையில் நனைந்த தெரு, பொய் சொல்லும் அழகி. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூஞ்சிய பாத்தா தெரியாதா, இன்னா சொல்றான்னு?" என்பார். புகையும் தண்டவாளமும் வந்தால், "நம்ம யார்டு மாதிரியே கீது" என்று நிமிர்ந்து உட்கார்வார்.

அந்தப் படங்கள் எனக்கு இன்றுவரை சலிக்காததற்குக் காரணம் அந்தத் துப்பறிவாளன். யாருக்கும் பிடிக்காவிட்டாலும் உண்மையைத் தேடித் தனியாகப் போவான், அடிபடுவான். கல்யாணம் முறிந்து, அம்மாவும் இல்லாத ராயபுரம் வீட்டுக்கே திரும்பி வந்த எனக்கு, அப்படித் தனியாக நிற்பதில் ஒரு கம்பீரம் இருப்பதாகப் பட்டது.

வாரம் ஒருநாள், யார்டு நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா கிளம்புவார். போன வருஷம் அந்த நண்பரே வீட்டுக்கு வந்து, "இன்னாம்மா, உங்கப்பன கண்ணுலயே காணோம்? பாத்து மாசக்கணக்காச்சு" என்றார்.

அப்பாவிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த முறை அவர் கிளம்பியபோது ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் போனேன். கல்மண்டபம் ஸ்டாப்பில் அவர் ஷேர் ஆட்டோ ஏறினார். நான் அடுத்த ஆட்டோவில் ஏறினேன். நெஞ்சு படபடத்தது. சொல்லவே கூசுகிறது, அது பயமில்லை, சந்தோஷம்.

திருவொற்றியூரில் இறங்கி ஒரு சந்துக்குள் நுழைந்தார். மணலிக்குப் போகிற டேங்கர் லாரி ஒன்று சந்து முனையில் நின்றிருந்தது. அதன் மறைவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

ஒரு வீட்டு வாசலில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட அவர் வயதுள்ள ஓர் அம்மாள் பின்னால் நின்று, பழைய டூத் பிரஷ்ஷால் அவர் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஏதோ சொல்ல, அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அம்மா போனபிறகு நான் கேட்காத சிரிப்பு.

கிட்டே போய் செல்போனில் படம் எடுத்தேன். க்ளிக் என்று சத்தம் கேட்டது.

அப்பா திரும்பினார். பாதித் தலை கறுப்பு, பாதி நரை. துண்டை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். எத்தனையோ படங்கள் பார்த்தும், பின்தொடரப்பட்டவனின் முகத்தை நான் கவனித்ததே இல்லை.

"ஆபீஸ் போலியாம்மா?" என்றார்.

"உன் பொண்ணா?" என்று அந்த அம்மாள் அவரைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா வெயில்ல நின்னுகினு கீற, உள்ள வா."

ஏதோ உளறிவிட்டு ஓடிவந்தேன். ஆட்டோவிலேயே படத்தை அழித்தேன். அழித்து என்ன?

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா, வீடு திரும்பியதும். அதன்பின் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். காதோரம் நரை ஏறியது. நான் படம் போட்டால் தலைவலி என்று எழுந்து போனார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே திருவொற்றியூர் போனேன், முகத்தை மூடாமல்.

"பொண்ணுக்கு அசிங்கமா பூடுச்சுன்னு அவருதான் வர்றதில்ல" என்றார் அந்த அம்மாள்.

"அசிங்கம் நான் பண்ணதுதாம்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, "வுடு. வந்தது வந்துட்ட, துன்னுட்டுப் போ" என்று தட்டை எடுத்து வைத்தார். தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

அங்கே போய்வந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் இப்போது மறுபடி போகிறார். கிளம்பும்முன் என் எதிரில் வந்து நின்று, எங்கே போகிறார், எப்போது வருவார் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். இதையெல்லாம் என்னிடம் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வாப்பா" என்கிறேன்.