திலகவதியின் கைராசி

செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் மண். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி யன்னலோரம் வெறும் தயிர்க் கோப்பைகளை அடுக்கி மிளகாய் விதை போட்டுக்கொண்டிருந்தேன். மார்ச் மாதத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதிக்கு இதுதான் வேலை. தொலைபேசியில் திலகவதியின் மகன் நிரோஷன். "அம்மா விடிய எங்களை விட்டுப் போயிட்டா, அன்ரி" என்றார். நான் "ஓம்" என்றேன். மிச்ச விதையைப் போட்டேன். போட்ட கோப்பையிலேயே மறுபடியும் போட்டேன். பிறகு கையைக்கூடக் கழுவாமல் மெட்ரோவுக்கு ஓடினேன்.

நானும் திலகவதியும் பதினெட்டு வருடம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவர்கள். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்றே சொல்: பொன்ஜூர், மெர்சி, முவா. முவா என்றால் நான். ஒருநாள் சூப்புக் கோப்பைகளை ஒரு தள்ளுவண்டி நிறையக் கவிழ்த்துவிட்டேன். மேற்பார்வையாளர் ஓடிவந்து யார் என்று கேட்க, நான் வாயைத் திறக்குமுன் திலகவதி கையை உயர்த்தி "முவா" என்றார். ஏன் அப்படிச் சொன்னீர் என்று பிறகு கேட்டேன். "நீர் போன கிழமையும் உடைச்சனீர். எனக்கு இது முதல் தரம், பேசாமல் விடுவினம்" என்றார். நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவருக்குப் பொப்பிப் பூ ஆசை அங்கேதான் தொடங்கியது. நவம்பரில் இந்த நாட்டுக்காரர் போரில் இறந்தவர்களுக்காகக் கோட்டில் குத்தும் சிவப்புத் துணிப்பூவை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். "துணியிலை குத்துறதை ஒருக்கா மண்ணிலை பாக்க வேணும்" என்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போனதும் முன்பக்கத்தில் ஒரு பாய் அளவு நிலம் கொத்தினார்.

முதல் வருடம், மிளகாய்க்குச் செய்வதுபோல யன்னலில் நாற்று வைத்துப் பிடுங்கி நட்டார். மூன்று நாளில் எல்லாம் படுத்துவிட்டன. வேரில் கை பட்டால் பொறுக்காத சாதி அது. இரண்டாம் வருடம் பயற்றை விதைப்பதுபோல ஒரு விரல் ஆழத்தில் புதைத்தார். வெளிச்சம் படாமல் முளைக்காத விதை, ஒன்றும் வரவில்லை. "திலகவதி கை வைத்தால் கள்ளியும் கருகும்" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தப் பகிடியை முதலில் அவிழ்த்துவிட்டவள் நான்தான்.

மூன்றாம் வருடம் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாமிடம் கேட்டுப் படித்தார். பாதிப் பேச்சு கைப்பாஷை, மீதி நிரோஷனின் மொழிபெயர்ப்பு. நன்றிக்குத் தன் விதைப் பைக்கற்றில் பாதியை மதாமுக்குக் கொடுத்தார். பனி விழுமுன் விதையை மணலோடு கலந்து தூவி, மண் போட்டு மூடாமல், மேலே பலகையை வைத்து அதில் நடந்தார். ஏப்ரலில் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ போனபோது, வேலையே கதி என்று இருந்த நிரோஷனை நம்பாமல் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். "ஒண்டும் செய்ய வேண்டாம். தண்ணியும் வேண்டாம். பாத்தாக் காணும்" என்றார்.

பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் மஞ்சள் பாதை மெட்ரோவில் ஆற்றைக் கடந்து போவேன். அந்த நிலத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். மே நடுவில் சாம்பல் பச்சையில், மயிர் முளைத்த, ஓரம் கிழிந்த இலைகள் நிலம் முழுக்கக் கிளம்பியிருந்தன. பட்டுப்போன்ற பூவுக்கு இவ்வளவு முரட்டுக் கன்று இருக்கும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. களை என்று நினைத்தேன். குந்தியிருந்து ஒன்று விடாமல் பிடுங்கினேன். அடுத்த கிழமை என் யன்னலில் நின்ற மிளகாய்க் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு போய் அந்த வெறும் நிலத்தில் நட்டேன். நல்ல வேலை செய்தேன் என்று அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் நடுவில் திரும்பி வந்தவர் படலையைத் திறந்ததும் கேட்டார். "வரேல்லையோ?"

"ஒண்டும் வரேல்லை. களைதான் கிடந்தது." அப்போது அது பொய் அல்ல.

ஜூலையில் அவருடன் மிளகாய் ஆய்ந்துகொண்டு நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மதாமின் நிலத்தில் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. கீழே அதே மயிர் இலை, அதே கிழிந்த ஓரம். என் கையில் இருந்த கிண்ணம் சரிந்தது. திலகவதி குனிந்து மிளகாயைப் பொறுக்கியபடி சொன்னார். "பாரும், ஒரே பைக்கற் விதை. அவவின்ர கையிலை முளைச்சிருக்கு. என்ர கைதான் சரியில்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நானும் குனிந்து மிளகாய் பொறுக்கினேன். அவர் மிச்ச விதையையும் மதாமிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பூ எதுவும் வைக்கவில்லை. பேரப்பிள்ளைக்கென்று வீட்டார் சட்டியில் வைக்க வேப்பங்கன்று வாங்கி வந்தபோதுகூட, "நான் தொட மாட்டன், நீங்கள் வையுங்கோ" என்று தள்ளி நின்றார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக, வருத்தமாய்ப் படுத்திருந்த அவரைப் பார்க்கப் போனபோது சொல்லிவிடுவது என்று முடிவோடு போனேன். கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்புவதும் யன்னலடிக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். "அந்தப் பொப்பிக் கண்டுகள்..." என்று தொடங்கினேன். "அதை விடும். உம்மட மிளகாயைச் சொல்லும், இந்த முறை எத்தினை கோப்பை?" என்றார். முப்பது என்றேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அதனால்தான் பேச்சை மாற்றினார் என்று இப்போது மனதை ஆற்றப் பார்க்கிறேன். அது எனக்கு வசதியான கதை. அவருக்குத் தெரியாது.

செத்தவீட்டில் ஒருவர் நினைவுரையில் அந்தக் கள்ளிப் பகிடியைச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்துபோய்க் கை கழுவினேன், திரும்பிவந்து இருந்தேன், மறுபடியும் போய்க் கழுவினேன். அதற்குப் பிறகு நிரோஷன் வந்து, முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார். "அந்தப் பூக்கதையை எழுதுங்கோ அன்ரி. ஆக்கள் சிரிப்பினம்."

நிரோஷன், அச்சுக்குக் கொடுக்குமுன் இதை நீங்கள்தான் வாசிப்பீர்கள். நீங்கள் கேட்டது இது இல்லை. கோபம் வரட்டும், ஒரு வரியும் வெட்ட வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒன்று. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது அந்தப் பகிடியைத் தொடங்குவீர்கள். தொடங்கினால் முடிவை மாற்றிச் சொல்லுங்கள். மூன்றாம் வருடம் திலகவதி விதைத்தது முளைத்தது. விரல் வைக்க இடமில்லாமல் முளைத்தது. அதைக் கண்ட ஒரே ஆள் நான். அம்மாவின் நினைவாக என்ன வேணும் என்று திலகவதியின் மகள் அலுமாரியைத் திறந்துவிட்டுக் கேட்டாள். சேலை ஒன்றும் எடுக்கவில்லை. கைராசி இல்லாதவள் என்ற பெயரை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது அவருடையது அல்ல.