நடந்தால்தான் தெலுங்கு வரும்!

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், என் வீட்டுக்காரர் சிலேட்டைத் தூக்கி முற்றத்தில் அடித்தார். சில்லு சில்லாய்ப் போனது.

சின்னப் பிள்ளை இல்லை. நாற்பதைத் தாண்டியவர். சத்தியவேட்டில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் மொத்த மைதானமும் நிமிர்ந்து நிற்கும்.

அவரைக் குனிய வைத்தது தெலுங்கு.

எல்லைக்கோட்டை நகர்த்தி எங்கள் ஊரை மெட்ராஸிலிருந்து ஆந்திராவில் சேர்த்த கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம். மாடு கட்டுகிற முளைகூட நகரவில்லை. ஆனால் ஆபீஸ் காகிதமெல்லாம் இப்போது தெலுங்கில் வருகிறது. வாத்தியார்கள் தெலுங்குப் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எல்லை தாண்டி மெட்ராஸ் பக்கம் மாற்றல் என்று பேச்சு. படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாரை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? வேர்க்கடலைக் கொல்லையை யார் பார்ப்பது?

சொல்லிக் கொடுக்க ஒரு பண்டிதர் வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரே வழி.

"ஒவ்வொரு அட்சரமும் ஐம்பது தடவை ராயண்டி மாஸ்டாரு! கை பழகிடுச்சுன்னா புத்தியில தானா ஏறும்."

இவரும் எழுதினார். எழுதிக்கொண்டே தூங்கினார். தெலுங்கில் ப, வ, ம மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். தலைமேல் இருக்கும் சின்னக் கோடு தனியாக நின்றால் ப, ஒட்டிக்கொண்டால் வ, பக்கத்தில் வால் முளைத்தால் ம. இவர் மூன்றையும் ஒன்றாகவே எழுதினார். பண்டிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கோ எரிச்சல். கல்யாணமாகி வந்தபோது எனக்கு மட்டும் தெலுங்கு தெரியுமா என்ன? அடுத்த வீட்டு ராஜம்மாவிடம் கிணற்றடியில் பேசிப் பேசியே வந்துவிட்டது!

"ராஜம்மா வீட்டுக்காரர்கிட்ட போய்ப் பேசிக்கினு இருங்க. தானா வரும்" என்று விரட்டினேன்.

போனார். வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அவர் பேசறது எனக்குப் புரியுது, நான் பேசறது அவருக்குப் புரியுது. பரீட்சையில எழுதத்தானே சொல்றான்? பேசவா சொல்றான்?"

அன்றைக்குத்தான் சிலேட்டு உடைந்தது.

மறுநாள் மத்தியானம் மைதானத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். ஓட்டப் பந்தயத்துக்காகச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வளைவில் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார்.

"இங்க வா... இது 'வ' மாதிரி இல்ல?"

"சோறு ஆறுது, துன்னுட்டுப் பாருங்க" என்றேன். யார் கேட்டது? மைதானம் முழுக்க ஆள் உயரத்துக்கு எழுத்தாகப் போட்டார். போட்டு, அதன்மேல் லெஃப்ட் ரைட் நடந்தார். 'ப' வந்தால் மேலே ஒரு தாவல். 'ம' வந்தால் பக்கவாட்டில் ஒரு சுற்று. எனக்கு மானம் போனது. பள்ளிக்கூடத்து ஜன்னலெல்லாம் தலைகள்.

தினமும் நடந்தார். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு, துவைத்தது நான். பண்டிதர் வேலியோரம் நின்று, "இது சதுவா, சர்க்கஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சதுவு என்றால் படிப்பு.

பரீட்சை சித்தூரில். துணைக்கு நானும் போனேன். திருப்பதி தாண்டி, பஸ் ஓர் ஊரில் நின்றது. இவர் ஜன்னல் வழியே பெயர்ப் பலகையைப் பார்த்தார். கால் சீட்டுக்கடியில் அசைந்தது.

"பூ... த... ல... பட்டு. ஏய்! பூதலப்பட்டுடி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறார். அந்தப் பலகையைப் படித்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பரீட்சை ஹாலில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாராம். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அதட்டினாராம். ஆனாலும் பாஸ்! மாற்றல் பயம் தீர்ந்தது. மாமியாருக்குச் செய்தி சொன்னதும், படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

இத்தோடு முடிந்ததா? போன வாரம் தையல் டீச்சர் கமலம்மா இவரிடம் வந்தார். அவருக்கும் அதே பரீட்சை. "எனக்கும் சொல்லிக் குடுங்க சார்."

இவர் என்ன செய்தார் தெரியுமா? மூட்டுவலிக்காரியை வெயிலில் நிற்க வைத்து, விசில் ஊதினார்!

"நடங்கம்மா! உக்காந்துகினு எழுதுனா எவனுக்காவது தெலுங்கு வருமா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பண்டிதர், "ஐம்பது தடவை ராயண்டி!" என்று கத்தினார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியது.

ஒருத்தருக்கு வந்த வழியிலேயே ஊரெல்லாம் வர வேண்டுமா? என்ன அநியாயம் இது! கமலம்மாவைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்து, மோர் கொடுத்து, ஆறுதலாகச் சொன்னேன்:

"அந்த ரெண்டு பேரையும் விடுங்க டீச்சர். ராஜம்மாகிட்ட கிணத்தடியில பேசிக்கினு இருந்தா தானா வந்துடும்."

கமலம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஒரு பென்சில் இருந்தா குடுங்கம்மா... நானே பாத்துக்கறேன்."