பட்டணத்துக் கண்

விமான நிலைய மெட்ரோ வாசலில் பைகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் திரையில் அண்ணியின் கூடை முதல்முறை தெரிந்தபோது கூடையையே காணவில்லை. மூங்கில் பின்னல் மறைந்து, உள்ளே பரப்பியிருந்த வைக்கோலும் மறைந்து, ஆரஞ்சு நிறத்தில் உருண்டை உருண்டையாகச் சீத்தாப்பழங்கள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கொட்டைகள் திட்டுத்திட்டாக இருண்டு கிடந்தன. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, கொட்டைய எண்ணிப் பாத்துதான் உள்ள வுடுவீங்களா?" என்றாள். காவல் உடையில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். அது அவளுக்குப் பழகிய பேச்சு. "மலையாங்க நீங்க?" "ஜமுனாமரத்தூருக்கு மேல. நீ?" "சந்தவாசல்ங்க." "அட, நம்ம அடிவாரத்துப் பொண்ணு! அப்ப கொட்ட எத்தினின்னு நீயே சொல்லிக்கோ." பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து நகர்ந்தார்கள். அண்ணி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நகரும் படிக்கட்டை ஒரு கணம் பார்த்தாள், பிறகு பக்கத்திலிருந்த சாதாரணப் படிக்கட்டில் ஏறினாள்.

அவள் என் மூத்த அண்ணனின் மனைவி. ஜவ்வாது மலையில் எங்கள் நிலத்தில் சாமை விளைந்த இடம் போக, மிச்சச் சரிவெல்லாம் சீத்தா மரங்கள். யாரும் நட்டதில்லை. அண்ணன் காய்ச்சலில் இறந்த வருடம், செங்கல் சூளைக்கு ஆள் சேர்க்கிறவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். பக்கத்து வீடுகள் பூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. "எனக்கு மரம் இருக்குது, பட்டணம் இருக்குது. நான் எவங்கிட்டயும் கூலிக்கு வர்றதா இல்ல" என்று அவனைத் திருப்பி அனுப்பினாள். மரத்தையும் பட்டணத்தையும் அவள் ஒரே மூச்சில் சொன்னதை நான் இப்போதும் நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டுமே வேரோடு நிற்பவை, காலையில் எழுந்தால் அதே இடத்தில் இருப்பவை என்று அவள் நம்பியிருந்தாள்.

சீத்தாப்பழத்தின் தோலில் உள்ள மேடுகளை நாங்கள் கண் என்போம். காய் முற்ற முற்றக் கண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், இடையில் வெளிர்மஞ்சளாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் அகலத்தைப் பார்த்துத்தான் பறிப்பது. விரிந்த கோடு வீட்டுக் கண்: பறித்து வைத்தால் மறுநாள் தின்னலாம். கொஞ்சம் ஒடுங்கியது சந்தைக் கண்: போளூருக்கும் கலசப்பாக்கத்துக்கும் போகிற பழம். நூல்போல, இருக்கிறதா இல்லையா என்று வெயிலில் திருப்பிப் பார்க்க வேண்டியது பட்டணத்துக் கண். அதற்கும் முன்னால் கை வைத்தால் காய் பழுக்கவே பழுக்காது, கறுத்து இறுகிவிடும். எனக்குச் சென்னை எவ்வளவு தூரம் என்பதை முதலில் சொன்னது சாலை ஓரத்து மைல்கல் அல்ல, ஒரு காயின் மேல் ஓடிய அந்த மஞ்சள் நூல்தான்.

புரட்டாசி பிறந்தால் அண்ணி வருவாள். மலையிறங்கும் பஸ்ஸில் போளூர், அங்கே மாறினால் வந்தவாசி, செங்கல்பட்டு வழியாக நேரே கோயம்பேடு. விடியும்போது இறங்கி, காலியாக வரும் டவுன் பஸ்ஸில் கூடையை ஏற்றி, வடபழனியில் ஆற்காடு சாலை நடைபாதையில் உட்கார்ந்துவிடுவாள். பின்னால் நான் வேலை செய்த பெயர்ப்பலகைக் கடை, பக்கத்தில் ஒரு டிபன் கடை. வாங்குகிறவர்களிடம் பழத்தோடு ஒரு கட்டளையும் சேர்த்துத் தருவாள். "இத ராத்திரிக்கித் துன்னு. இது நாளான்னிக்கி. அமுக்கி அமுக்கிப் பாக்காத, அது இன்னா ஹாரனா?" அவள் சொன்ன பொழுதில் பழம் சரியாக இளகும். மாடிவீட்டுக்காரர்கள் கூடையைப் பார்த்து வாங்கவில்லை, அந்த வாக்கை நம்பி வாங்கினார்கள். டிபன் கடைக்காரம்மா தன் கல்லாவுக்கு அடியில் கூடைக்கு இடம் கொடுத்திருந்தாள். மழை வந்தால் அண்ணிக்கும்.

பிறகு சாலையின் நடுவில் தகரத் தடுப்புகள் முளைத்தன. மெட்ரோவின் அடுத்த பாதைக்குத் தூண்கள் இறங்கின. பாதிச் சாலை போயிற்று, பின்பு நடைபாதையும் போயிற்று. தடுப்புக்குப் பின்னால் கடைகள் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. டிபன் கடையில் இட்லி மாலைவரை மீந்தது. எங்கள் கடையில் மட்டும் வேலை குறையவில்லை, அந்தத் தடுப்புகளில் மாட்டும் பலகைகளை நாங்கள்தான் அச்சடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி ஒரு பலகைக்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்து, "இன்னா எழுதிக்கீது தம்பி?" என்று கேட்டாள். "சிரமத்துக்கு வருந்துகிறோம்னு அண்ணி." "யாரு வருந்துறது?" பலகையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றேன். "பேரு போடலியே" என்றாள், யாரோ தெரிந்தவர் வீட்டுப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதைச் சொல்கிற குரலில்.

நகரத்தைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. சிக்னலில் ஆம்புலன்ஸ் கத்திக் கத்தி ஓய்ந்து நின்றதைப் பார்த்தவன் நான். ஒரு கோடி மூச்சுகள் அடைத்துக்கொண்ட தொண்டை இது, எங்காவது அறுத்துத்தான் வழி செய்ய வேண்டும். வெளியூர்ப் பேருந்துகளை வண்டலூருக்கு அப்பால் புதுப் பேருந்து நிலையத்திலேயே நிறுத்துவது என்று முடிவானபோதும் காரணம் கேட்டால் சரியாகத்தான் இருந்தது. தொலைபேசியில் அண்ணியிடம் சொன்னேன். அவள் கேட்டது இதுதான்: "எவ்ளோ நேரம் கூட ஆவும்?"

"சொல்ல முடியாது அண்ணி. டவுன் பஸ் கிடைக்கிறதப் பொறுத்து. டிராஃபிக்கப் பொறுத்து."

"சொல்ல முடியாதுன்னா எந்தக் கண்ணுல தம்பி பறிக்கிறது?"

என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் கனமானது. தூரம் எவ்வளவானாலும் பழத்துக்குப் புரியும். தெரியாத தூரம் அதற்குப் புரியாது.

அந்தப் பருவத்தின் முதல் நடைக்கு அவள் நூல் விழுவதற்குச் சற்று முன்பே பறித்துவிட்டாள். மலையில் பிறந்தவள் செய்யாத தவறு, பட்டணத்தை மனதில் வைத்ததால் செய்தாள். புது நிலையத்துக்குப் போய் அவளை நான்தான் அழைத்து வந்தேன். டவுன் பஸ் கண்டக்டர் கூடையைப் பார்த்துக் கை விரித்தார். அடுத்ததில் ஏறினோம், விமான நிலையத்தில் இறங்கினோம், மெட்ரோவுக்குப் போனோம். திரையில் பழங்கள் மிதந்தது அன்றுதான். அவற்றை வழக்கம்போல் வாக்குக் கொடுத்தே விற்றாள். அவள் ஊர் திரும்பிய பின், டிபன் கடைக்காரம்மா ஒரு பழத்தை மேசையில் தட்டிக் காட்டினாள். கறுத்து, சுருங்கி, கல். போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். "அடியே, உன் பழத்த வச்சி அம்மி கொத்தலாம்டி! தெருவே சிரிக்குது!" உரிமையோடு சொன்ன கேலிதான். மறுமுனையில் சிரிப்பில்லை. "எல்லாருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நடைக்கு, பழம் பழுக்காமல்போனவர்கள் எல்லோருக்கும் ஈடு கொடுக்க, நல்ல கோடு விழுந்ததாகப் பார்த்துப் பறித்து வந்தாள். அன்று செங்கல்பட்டிலிருந்தே நெரிசல். புது நிலையத்தில் கூடையை இறக்கும்போதே வாசனை தூக்கியது. டவுன் பஸ் நெரிசலில் பழங்கள் நசுங்கி, விமான நிலையத்தில் இறங்குவதற்குள் கூடையின் அடியில் ஒழுகத் தொடங்கிவிட்டது. மெட்ரோ வாசலில் அதே சந்தவாசல் பெண். அவள் முகம் வாடிப்போனது. "அம்மா, சொட்டுதுங்க. மிஷின்ல வைக்க முடியாது. உள்ள வுட்டா என் வேல போய்டும்ங்க."

"வாக்குக் குடுத்துட்டேன் கண்ணு. அவங்களுக்கு நான் இத குடுத்தே ஆவணும்."

"தெரியுதுங்க..." என்றவள், தன் கைக்குட்டையை நீட்டினாள். அண்ணி அதை வாங்கி, தன் நெற்றியைத் துடைக்கவில்லை, கூடையின் அடியைத் துடைத்தாள். துடைத்ததும் மறுபடி ஒழுகியது.

வெளியே மதில் ஓரம் உட்கார்ந்தோம். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். "எடுத்துகினு போயி? இதயா குடுக்குறது?" என்றாள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட கட்டட வேலைக்காரர்கள் சிலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், வடக்கத்திப் பிள்ளைகள். ஒருவன் மோப்பம் பிடித்து நின்றான். "சீதாஃபல்!" என்றான், தன் ஊர்க்காரனைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவனைப்போல. அண்ணி கூடையை அவன் பக்கம் தள்ளினாள். குந்தி உட்கார்ந்து, பிளந்து, உறிஞ்சி, கொட்டைகளைக் கவனமாக உள்ளங்கையில் துப்பித் தின்றார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டான். காசு நீட்டியபோது அண்ணி வாங்கவில்லை. அவர்கள் போனபிறகு, "பசங்க நல்லாத் துன்னுதுங்க" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அவள் அழுததை அண்ணன் சாவுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் அவள் சென்னைக்கு வரவில்லை. பழத்துக்காக இல்லை, தெருவில் எந்த முகத்தோடு உட்காருவது என்பதற்காக.

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். சரிவு முழுவதும் ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். மரங்களை வியாபாரி ஒருவனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள். அவன் வேன் வருகிற அன்று எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும், பழுக்க வைப்பது அவன் பாடு. பறிக்கிற கூலிகளின் வரிசையில் அண்ணியும் நின்றாள். தன் மரத்தில், தன் கையால், கண் பார்க்காமல் முறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வேன்காரன், "பெரியம்மா, ஆராய்ச்சி பண்ணாத, மொத்தமா ஒடி!" என்று கத்தினான். "ஒடிக்கிறேன்பா" என்றாள். சூளைக்காரனைத் திருப்பி அனுப்பிய அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தேடினேன்.

நான் கிளம்பும்போது மடியிலிருந்து ஒரு காயை எடுத்துத் தந்தாள். வெயிலில் திருப்பிப் பார்த்தேன். நூல்போல மஞ்சள் கோடு. வேன்காரனுக்குத் தெரியாமல் ஒதுக்கியிருக்கிறாள். "இப்பல்லாம் புது நிலையத்துல இறங்கினா வரிசையா பஸ் நிக்குது அண்ணி. வூடு போய்ச் சேர்ற நேரத்த சரியா சொல்லிடலாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அப்டியா" என்றாள். "போய்ட்டு வா தம்பி. மூணாம் நாளு துன்னு."

விமான நிலைய மெட்ரோ வாசலில் பையை இயந்திரத்தில் வைத்தேன். சந்தவாசல் பெண் இல்லை, வேறு ஒரு பையன் இருந்தான். திரையில் என் சட்டைகள் மங்கி, நடுவே ஒரே ஒரு ஆரஞ்சு உருண்டை வந்து நின்றது. கொட்டைகள் அத்தனையும் தெரிந்தன. தோலும் தோலின்மேல் ஓடும் அந்த நூலும் தெரியவில்லை. பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணே ஒண்ணா சார்?" என்றான்.

"ஒண்ணுதான்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டேன்.